ஏழு மணிக் கைகள்

முதலில் என்னைத் தோற்கடித்தது ஜாக்கெட் கொக்கி. ஒருநாள் காலையில் விரல்கள் மடங்கவே இல்லை. ஐந்து கொக்கியையும் என் கணவர்தான் மாட்டிவிட்டார். அவருக்குச் சிரிப்பு, எனக்கு அழுகை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுதச் சொல்லித்தரும் டீச்சர் நான்.

பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் முடக்குவாதம் என்றார்கள் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கி வீங்கவைக்கும் நோய்). வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போடும் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்க வேண்டும். எப்போதும் மதியம் மூன்று மணிக்கு.

இந்த நோய் காலையில் ஆடித் தீர்த்துவிட்டு மதியம் சாதுவாகிவிடும். அது தெரிந்தும், எங்கள் வீடு இருக்கும் ஒக்கலிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமே என்று வலி மாத்திரை போட்டு, கையை வெந்நீரில் ஊறவைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு போவேன். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நிற்பதுபோல்தான். டாக்டர் விரலை மடக்கச் சொல்வார். மடங்கும். அதே மாத்திரை, நான்கு நிமிடத்தில் வெளியே. இப்படியே ஒன்பது மாதம் போனது.

அடுத்த முறை போனபோது, பக்கத்து அறையில் லலிதா சிஸ்டர் புதிதாக வந்திருந்தார். மூட்டு நோயாளிகளுக்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ், பக்கத்து ஆனேக்கல் ஊர்க்காரர், கன்னடம் கலந்த தமிழ். வலி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

"அக்கா, காலையில ஜாக்கெட் கொக்கி யாரு போட்டு விடறாங்க?"

என் கணவர்தான் என்றேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன், வெந்நீர் உட்பட. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"டாக்டர் பாக்க வேண்டியத நீங்களே அழிச்சிட்டு வர்றீங்க. நாளைக்கு ஏழரைக்கு வாங்க. மாத்திரை வேணாம், வெந்நீரு வேணாம், எழுந்தது எழுந்த மாதிரியே வாங்க. ஆய்த்தா, சரியா?"

போனேன். நைட்டிமேல் சால்வை, வாராத தலை. ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சிஸ்டர் என் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி எண்ணினார். வீங்கியிருந்தவை பதினொன்று. ரவுண்ட்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த டாக்டரை இழுத்துவராத குறையாகக் கூட்டிவந்தார். டாக்டர் என் கையை அன்றுதான் நிஜமாகப் பார்த்தார். அன்றே ஊசி மருந்துக்கு மாற்றினார். தொடையில் எப்படிப் போட்டுக்கொள்வது என்று சிஸ்டர் கற்றுக்கொடுத்தார்.

நான்கு மாதத்தில் என் கொக்கிகளை நானே மாட்டினேன். ஆனால் இடது நடுவிரல் இனி நிமிராது. அதை அந்த ஒன்பது மாதம் தின்றுவிட்டது. என்மேலும் எனக்கு ஆத்திரம் உண்டு. நான்கு நிமிடத்தில் என்னைப் பார்த்து முடித்தவர்கள்மேல் அதைவிட அதிகம்.

போன மாதம் போனபோது அந்த அறை பூட்டிக் கிடந்தது. லலிதா சிஸ்டரை இன்ஷூரன்ஸ் படிவம் சரிபார்க்க அனுப்பிவிட்டார்களாம். காய்ச்சல் வந்தால் ஊசி போடலாமா என்று கேட்க அவர் தந்திருந்த எண்ணில் இப்போது பதிவுசெய்த குரல்தான் பேசுகிறது. மேனேஜரிடம் கேட்டேன்.

"நர்ஸ் வேலைன்னா வெயிட் பாக்கறதுதானே மேடம், யாரு வேணா பாப்பாங்க."

என்னைப்போல் சிங்காரித்துக்கொண்டு போகிற எத்தனை பேரின் விரல்களை இனி யார் எண்ணுவது? இதே நோயோடு இதைப் படிக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து டாக்டருக்காகக் கையைத் தயார்செய்யாதீர்கள். நர்ஸ் எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் சத்தம் போட்டுக் கேளுங்கள்.

ஊசிக்குப் பிறகும் காலையில் அரைமணி நேரம் என் கை என்னுடையதாக இருப்பதில்லை. மதியம் எழுதினால் என் எழுத்து முத்து முத்தாக இருக்கும், நோயே இல்லாதவள் எழுதியதுபோல். அதனால் இன்று காலை ஏழு மணிக்கே, கையைத் தேய்த்துக்கூட விடாமல், நிர்வாகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். லலிதா சிஸ்டரை அந்த அறைக்கே திருப்பி அனுப்புங்கள் என்ற ஒரு வரிக்கு இருபது நிமிடம் ஆனது. எழுத்தெல்லாம் கோணல். ஓரிடத்தில் பேனா நழுவிக் கோடு இழுத்துவிட்டது. டைப் செய்து தருகிறேன் என்றார் கணவர்.

வேண்டாம் என்றேன். அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன்.