சுண்ணாம்புப் படி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் அண்ணி இன்றுவரை நம்பவில்லை. டாக்டரும் நம்பவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்தான். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

நானும் அண்ணனும் சேர்ந்து ஒரு மனை வாங்கினோம். கீழே என் குடும்பம், மாடியில் அவர் குடும்பம் என்று பேச்சு. பணம் போடுவதில்கூட எங்களுக்குள் மனஸ்தாபம் வரவில்லை. படிக்கட்டை எங்கே வைப்பது என்று இன்ஜினியர் கேட்டாரே, அங்கேதான் பிடித்தது வினை.

அண்ணனுக்கு வீட்டுக்குள்ளேயே படி வேண்டும். என் ஹாலில் தொடங்கி, நடுவில் ஒரு லேண்டிங், வலது பக்கம் திரும்பினால் மாடி. எனக்கு வெளியில்தான் வேண்டும். நான் பாட்டுக்கு பனியனோடு உட்கார்ந்து டிவி பார்க்கும்போது அண்ணி காய்கறிப் பையோடு குறுக்கே போனால் நன்றாகவா இருக்கும்?

"வெளிய படி வெச்சா நான் உனக்கு வாடகைக்காரன் மாதிரிடா," என்றார் அண்ணன். "சாப்பிட்டியான்னு கேக்கக்கூட தெருவுக்கு இறங்கி வரணுமா?"

வாரக்கணக்கில் இழுபறி. இன்ஜினியருக்கே சலித்துவிட்டது. ஒரு நாள் மனைக்கே வந்து, இரண்டு படியையும் உண்மையான அளவில் தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுவிட்டார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. "ரெண்டு பேரும் சாயந்தரம் நடந்து பாருங்க. எது சௌகரியம்னு காலே சொல்லிடும்," என்று தப்பித்துப் போய்விட்டார்.

மாலை ஆறு மணிக்குப் போனோம். வெறும் மண். சமதரை. ஒரு கல் உயரம்கூட மேடு கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன்.

வெளிப்படியில் நான் நடந்தேன். கோட்டுக்குக் கோடு கால் வைத்துப் போய்த் திரும்பி வந்தேன். குழந்தைகள் விளையாட்டு மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து உள்படியில் அண்ணன்.

முதல் நாலைந்து கோடு சாதாரணமாகத்தான் போனார். லேண்டிங்கில் நின்று மூச்சு வாங்கினார்.

"என்னண்ணே, இதுக்கே இளைக்குதா?"

"ஒவ்வொரு படியும் உயரமா இருக்குடா. இன்ஜினியர்கிட்ட சொல்லணும்."

சிரித்தேன். நடிப்பதற்கு எங்கள் அண்ணனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வலது பக்கம் திரும்பினார். மறுபடி ஏறினார்... நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. கடைசிக் கோட்டைத் தாண்டி, மாடி என்று இன்ஜினியர் போட்டிருந்த கட்டத்தின் நடுவில் போய் நின்றார்.

"இங்க நல்லா காத்து வருதுடா."

அவர் சட்டை படபடவென்று அடித்துக்கொண்டது. நான் நின்ற இடத்தில் ஒரு புல்கூட அசையவில்லை.

"டேய், உனக்கு உச்சியில வழுக்கை விழுது. வட்டமா தெரியுது."

தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. அண்ணன் என் தோள் உயரம்தான் இருப்பார்.

மணி ஆறு இருபது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"போதும்ண்ணே. வா, போகலாம்."

"இரு, ரூமையும் பாத்துட்டு வரேன்."

ரூமா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பேசி ஜெயிக்க முடியாததை நாடகம் ஆடி ஜெயிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"உள்ளயும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

செருப்புக் காலால் கோடுகளைத் தேய்த்தேன். முதல் படி. அடுத்தது. லேண்டிங். அதற்கு மேலே... ஒன்று விடாமல் அழித்தேன். அவர் நின்ற கட்டம் மட்டும் மிச்சம்.

"டேய்! படிய என்னடா பண்ணின?"

வாய் எனக்கு எதிரே அசைந்தது. குரல்... என் தலைக்கு மேலிருந்து வந்தது.

அண்ணன் முகம் வெளிறிப்போயிருந்தது. இரண்டு கையாலும் காற்றைத் துழாவினார்.

"பிடிச்சுக்க ஒண்ணுமில்லடா..."

"கையைக் கொடுண்ணே."

நீட்டினேன். இடையில் இரண்டு எட்டுதான் இருக்கும்.

அண்ணன் குனிந்து பார்த்தார்.

"எட்டாதுடா."

கட்டத்துக்குள் போய் அவரை இழுத்திருக்கலாம். பயம். கால் வரவில்லை. ஆனால் மண் தெரிகிறதே... அவர் செருப்புக்குக் கீழே மண்தானே தெரிகிறது...

"வெறும் தரைண்ணே. நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். கண்ண மூடிக்கிட்டு வா."

அண்ணன் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"வாண்ணே... ஒண்ணும் ஆகாது."

"வரட்டா?"

"வா."

காலை எடுத்து வைத்தார்.

சட்டை உப்பியது.

தலைமுடி மேலே பறந்தது.

ஒரு நொடி...

தொப்!

என் காலடியில் சுருண்டு கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குதிகால் எலும்பு இரண்டும் நொறுங்கியிருந்தது. முதுகெலும்பில் விரிசல்.

"எந்த மாடியிலேருந்து விழுந்தார்?"

"மாடி இல்ல டாக்டர். தரையில நடந்தார்."

"பத்துப் பன்னெண்டு அடி உயரத்துலேருந்து நின்னபடியே விழுந்தாதான் குதிகால் இப்படி உடையும். உண்மையச் சொல்லுங்க."

படிக்கட்டுச் சண்டை அண்ணிக்குத் தெரியும். "எங்க கூட்டிட்டுப் போய் அவரைத் தள்ளின?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நின்ற இடத்திலேயே அழுதேன்.

அண்ணன் இனி படி ஏறுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள்தான் அவரால் தெளிவாகப் பேச முடிந்தது. அண்ணியை டீ வாங்க அனுப்பிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அவ சொல்றத மனசுல வெச்சுக்காத. நீ தள்ளலன்னு எனக்குத் தெரியாதா?"

தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"ரூம்ல ஒருத்தங்க இருந்தாங்கடா. பொம்பளைக் குரல். நீ கீழேருந்து வா வான்னு கூப்பிடுறப்போ, எனக்குப் பின்னாடி வந்து நின்னு சொன்னாங்க. 'போகாதீங்க... படி இல்ல.' திரும்பத் திரும்பச் சொன்னாங்க."

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ சொல்றதக் கேக்கறதா, என் தம்பி சொல்றதக் கேக்கறதா? நீ வான்னு சொன்ன... வந்துட்டேன்."