கார்ப்பெட்டுக்கு அடியில்

சத்தம் என்றாலே சுதாவுக்குக் குமட்டும். பொதட்டூர்பேட்டையில் நாலு பவர்லூம் ஓடிய வீட்டில் பிறந்த இடக்கைக்காரி அவள். பாதிப் பேச்சைக் கை ஜாடையிலேயே பேசி வளர்ந்தாள். அந்தச் சனியன் வேண்டாம் என்றுதான் திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த இடத்தில், தறி மோட்டாருக்கு ஒயர் மாட்டிப் பழகிய கையை வைத்துக்கொண்டு செய்யும் பிழைப்பு, கார்களுக்கு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் மாட்டுவது. தலையெழுத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

சத்தத்தைவிட அருவருப்பு, கார்ப்பெட்டின் அடிப்பக்கம். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு ஒயர் இழுக்க அதைத் தூக்கித்தான் ஆக வேண்டும். மேலே மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். கீழே எலிப் புழுக்கை, புளித்த பஞ்சாமிர்தம், எவனோ துப்பிய பாக்கு. எல்லாவற்றையும்விடக் கேவலம், மற்ற கடைக்காரர்கள் செய்துவைத்திருக்கும் ஒயரிங். இந்த ஊரில் ஒழுங்காக வேலை தெரிந்தவள் தான் ஒருத்தியே என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததேயில்லை.

போன கிருத்திகையன்று பள்ளிப்பட்டிலிருந்து பங்காரு என்ற விவசாயி வந்தார். கை மாறி வந்த பழைய கார், வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. பின் சீட்டில், மலையில் மொட்டையடிக்க அழைத்துப்போகும் நாலு வயது மகள் சினேகா.

"யக்கா, பாட்டு நின்னு நின்னு வருது. கருகுற நாத்தம் வேற அடிச்சிகினு இருக்குது. சீக்கிரம் பாத்துக் குடுக்கா."

சுதா குழந்தையை இறக்கிவிட்டுக் கார்ப்பெட்டைத் தூக்கினாள். குழந்தை கால் வைத்திருந்த இடத்துக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரில் அங்கே ஓர் ஒட்டு. அதன் மேல் சுற்றிய டேப் உருகி வழிந்திருந்தது.

"இன்னா கண்றாவி இது! வூட்டு லைட்டுக்கு இஸ்க்குற ஒயரப் போட்டுக்கீறான், நடுவுல ஒட்டு வேற. இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா கொயந்த காலுக்கடியிலயே நெருப்பு புடிச்சிருக்கும். தூ! இவனெல்லாம் சோறுதான் துன்றானா?"

"எவன் வேலன்னு மட்டும் சொல்லுக்கா. போயி சட்டையப் புடிக்கிறேன்."

"இருங்க, பாக்குறேன்" என்று டேப்பைப் பிளேடால் சுரண்டினாள். ஈயப் பற்று வைக்கவில்லை. தறியில் இழை அறுந்தால் போடும் சின்ன முடிச்சு அது. முனை இரண்டும் ஒட்ட நறுக்கியிருந்தது. 'நம்ம பேட்டைக்காரன் எவனோதான்' என்று அடுத்த வசவுக்கு வாயைத் திறந்தாள். இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தாள். முடிச்சு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அவள் இடக்கையால் போட்டால் மட்டும் அப்படி விழும். பிறந்த வீட்டில் அத்தனை பேரும் அதைச் சொல்லித்தான் அவளைக் கேலி செய்வார்கள்.

கடை திறந்த முதல் வருஷம். ஈயப் பற்று வைக்கத் தெரியாத வருஷம்.

எந்த எலிப் புழுக்கையைப் பார்த்தும் அவள் இப்படி அருவருத்ததில்லை. அரக்கோணத்தில் எவனோ செய்தது என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் சேர்த்துத் தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"யாருக்கா?"

சினேகா ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டு நின்றது.

"நான்தாங்க" என்றாள் சுதா. "எட்டு வருசத்துக்கு முன்ன, என் கையால போட்டது."

பங்காரு சட்டையைப் பிடிக்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மலைக்குப் போகும் பஸ்ஸைத் தேடி நடந்தார்.

அவர் திரும்புவதற்குள் பழைய ஒயரை முழுக்கப் பிடுங்கி எறிந்து, தடித்த ஒயர் இழுத்து முடித்தாள். பிறகும் உட்கார முடியவில்லை. அந்த வருஷம் இன்னும் எத்தனை கார்களில் இப்படி முடிச்சுப் போட்டாளோ, அவை எந்த ஊரில் யார் கையில் ஓடுகின்றனவோ!

வெளியே கிருத்திகைக் கூட்டத்தின் கார்கள் பாட்டை அலறவிட்டபடி மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. சுதா வாசலில் நின்று ஒவ்வொன்றுக்கும் காது கொடுத்தாள். ஒரு வெள்ளைக் காரில் பாட்டு நின்று நின்று வந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடு ரோட்டுக்கு ஓடினாள்.