தினம் பதினோரு யூனிட்

லிஃப்ட்காரர் தன் வாழ்நாளில் ஆறு மாடிக்கு மேல் உயர்ந்ததில்லை. முப்பத்தோரு வருடம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர்களை ஏற்றி, இறங்குகிறவர்களை இறக்கி, யார் பேச்சிலும் தலையிடாமல் ஓய்வு பெற்றவர். லிஃப்டுக்குள் காதில் விழுவதைக் கதவு திறந்ததும் மறந்துவிட வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. நல்லது கெட்டது எதைச் சொன்னாலும், "எந்த மாடி?" என்று கேட்கப் போகிறவர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டிருப்பார் என்று மனைவி கேலி செய்வாள்.

அந்த மனைவிக்கு நுரையீரல் கெட்டுப்போனது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின் ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். இரவும் பகலும் ஓட வேண்டும். மின்சாரக் கட்டணம் கழுத்தை நெரித்தது. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தை அப்படியே மொட்டை மாடியில் கொண்டுபோய்க் கொட்டினார். மேலே பன்னிரண்டு சோலார் தகடுகள், கீழே ஒரு இன்வெர்ட்டர், கரண்ட் போனால் தாங்குவதற்குப் பேட்டரி. பகலில் மிஞ்சுவது வெளிக் கம்பிக்குப் போகும், இரவில் தேவைப்படுவது அங்கிருந்து வரும். கொடுப்பதும் வாங்குவதும் சரிக்குச் சரி. ஆறு வருடம் அப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

லிஃப்ட்காரர் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். வண்டிக்காரருக்கு வழி சொன்னார். மூன்று தெரு தள்ளி இருக்கும் மனைவியின் அக்கா மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை குட்டி இல்லாத அவருக்கு மிச்சமிருந்த ஒரே உறவு அவள்தான். தினமும் மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்து வைப்பாள், இன்றைக்காவது இந்த மனுஷன் கண் கலங்குமா என்று பார்ப்பாள், கலங்காது, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். தனக்கு ஏன் எதுவுமே தோன்றவில்லை என்று அவருக்கும் புரியவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. கிள்ளினால் கிள்ளுவது தெரிந்தது, வலி தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து மின்சார ஆபீஸிலிருந்து ரீடிங் எடுப்பவர் வந்தார். மீட்டரைப் பார்த்தார். கைக்கருவியைப் பார்த்தார். மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

"என்ன சார், தினம் பதினோரு யூனிட் எங்களுக்கே அனுப்பிட்டிருக்கீங்க. முன்னாடி இப்படி இல்லையே. மீட்டர் கோளாறா?"

"இல்லைங்க. வீட்டுல ஒரு மிஷின் நின்னுடுச்சு."

"ரிப்பேரா? எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு."

"மிஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார் லிஃப்ட்காரர்.

ஜன்னல் வழியே காலிக் கட்டில் தெரிந்தது. ரீடிங் எடுப்பவர் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் மனிதர்கள் எதையாவது உளறி வைப்பார்கள். இவர் வாயிலிருந்து வந்தது நல்ல யோசனையாக அமைந்துவிட்டது.

"உங்ககிட்ட வாங்குற கரண்டுக்கு எங்க ஆபீஸ் கொடுக்கிறது ஒண்ணுத்துக்கும் ஆகாது சார். நாங்க விக்கிற விலையில கால்வாசி கூட வராது. பகல்லயே நீங்களே செலவு பண்ணிடுங்க. ரெண்டு அயர்ன் பாக்ஸ் போட்டு உக்காந்தீங்கன்னா அஞ்சு மணி நேரம் ஓட்டலாம். கரண்ட் செலவே கிடையாது, வர்றதெல்லாம் லாபம்."

அடுத்த வாரமே மேஜை போட்டாகிவிட்டது. ஆசைப்பட்டுச் செய்தார் என்று சொல்ல முடியாது. சொன்னார்கள், செய்தார், அவ்வளவுதான். ஓர் அட்டையில் "வெயில் அயர்ன்" என்று எழுதித் தொங்கவிட்டார். பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து சட்டைகளும் பள்ளிச் சீருடைகளும் வந்து குவிந்தன. காலை பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுவார். வெயில் இறங்கிய பிறகு யார் கெஞ்சினாலும் மசிய மாட்டார். நாலரை மணிக்குக் கல்யாணச் சட்டையோடு ஓடிவந்த மாப்பிள்ளையையே திருப்பி அனுப்பியவர். பக்கத்துக் கடைகளைவிடக் கூலி குறைவு என்பதால் ஆட்களும் இந்த அடத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். மூன்றாம் மாதம் பழைய வாஷிங் மிஷின் ஒன்று வாங்கி, துவைத்தும் கொடுத்தார். தகடுகளுக்குக் கீழே நிழலில் கொடி கட்டினார், துணி வெளுக்காமல் காய்ந்தது. ஓய்வூதியத்தைத் தொடாமலே மாதம் ஓடியது. லாபம் வந்ததில் சந்தோஷமா என்று கேட்டிருந்தால் யோசித்துவிட்டு, தெரியவில்லை என்றிருப்பார்.

மடித்த துணியை அடுக்க இடம் போதவில்லை. முன்னறையில் கட்டில் சும்மா கிடந்தது. அதன்மேல் அடுக்கினார்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவியின் அக்கா வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். கட்டில் நிறைய ஊரான் வீட்டுப் பேண்ட்டும் சட்டையும்.

"அவ மூச்சு விட்ட கரண்ட் தம்பி அது. அதுல காசு பாக்குறீங்களா?"

அவள் சொன்னது கணக்குப்படி சரிதான். அந்த மிஷின் நாளொன்றுக்குக் குடித்தது பதினோரு யூனிட். இந்த இரண்டு பெட்டியும் குடிப்பது அதே பதினோரு யூனிட்.

"அழத்தான் இல்ல. இதையாவது செய்யாம இருந்திருக்கலாம்" என்றாள். தூக்குவாளியைத் திண்டில் வைத்துவிட்டுப் போனவள், மறுநாளிலிருந்து வரவில்லை. ஒரு மாதம் அவர் தானே சமைத்து, உப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் சாப்பிட்டார். வேலை மட்டும் நிற்கவில்லை. தான் ஈரமில்லாதவன்தான் போலிருக்கிறது, மனைவி போனதில் தனக்கு ஒன்றுமே ஆகவில்லை போலிருக்கிறது என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார். அதில்தான் கொஞ்சம் பயமாக இருந்தது.

மனைவியின் அக்கா மறுபடி வந்தது ஒரு புழுக்கமான மத்தியானத்தில். உட்காரவில்லை.

"சண்டை போட வரல. கட்டில என்கிட்ட கொடுத்துடுங்க. என் தங்கச்சி படுத்த இடம். சாயந்தரம் ஆள் அனுப்பறேன்."

"எடுத்துக்கங்க அண்ணி" என்றார் அவர், ஒரு காலரை நீவிக்கொண்டே. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. இவ்வளவு சுலபமாகக் கொடுப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலும். இன்னும் கோபம் வந்தது.

அப்போது தெருவில் கரண்ட் போனது. அதே நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டு அறை இருண்டது. இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தியது.

லிஃப்ட்காரர் கையிலிருந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இரண்டு பெட்டியின் பிளக்கையும் பிடுங்கினார். பாதித் தண்ணீரோடு சுற்றிக்கொண்டிருந்த வாஷிங் மிஷினை நிறுத்தினார். மின்விசிறியை அணைத்தார். சமையலறைக்கு ஓடி ஃப்ரிட்ஜை அணைத்தார். அறுபத்தைந்து வயதுக்காரர் இத்தனையும் ஒரு நிமிஷத்துக்குள் முடித்துவிட்டுக் கட்டிலருகே வந்து குனிந்தார்.

"என்ன தம்பி, எல்லாத்தையும் ஏன் நிறுத்துனீங்க?"

"வெளிக் கரண்டும் இல்ல, வெயிலும் இல்ல அண்ணி" என்றார் மூச்சிரைக்க. "பேட்டரி மட்டும்தான். வேற எதுவும் ஓடக்கூடாது. அவளுக்குத் தாங்கணும்ல…"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னதே அவர் காதில் விழுந்தது. அவர் கை யாருடைய பேண்ட்டின் மேலோ இருந்தது. கையை எடுக்கத் தெரியாமல் நின்றார். பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார். வலித்தது. அழுகை எதுவும் வரவில்லை. நெஞ்சு முழுக்க வலித்தது, அவ்வளவுதான்.

மனைவியின் அக்கா அவருக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். ஆறு வருடமாக மேகம் மூடிய ஒவ்வொரு முறையும் இந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. இன்வெர்ட்டர் கத்திக்கொண்டே இருந்தது. புழுக்கத்தில் இருவருக்கும் வேர்த்து வழிந்தது.

"இப்ப யாருக்கும் சேத்து வைக்க வேண்டியதில்ல தம்பி" என்றாள். "ஃபேனையாவது போட்டுக்கலாம்."

சொன்னாளே தவிர, அவளும் எழுந்திருக்கவில்லை.