ஆதிகேசவனின் கை உயரம்

வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஆதிகேசவன் ஒரு துள்ளுத் துள்ளி, வாசலுக்கு மேலே கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பனஞ்சட்டத்தை உள்ளங்கையால் தட்டிவிட்டுத்தான் போவார். மழை பெய்தாலும் சரி, மில்லுக்கு நேரமாகிவிட்டாலும் சரி. கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்த புதிதில், இது ஏதோ சாமி காரியம் என்று கங்கம்மா நினைத்துக்கொண்டாள். கேட்கக் கூச்சம். பிறகுதான் தெரிந்தது, அது வாலிபால் ஆடுகிற கை, சும்மா இருக்காது என்று. போகப்போக அந்தச் சட்டத்தின் நுனி எண்ணெய் தடவியது போல வழவழப்பாகிவிட்டது.

கங்கம்மா அதிகம் பேசமாட்டாள். பார்ப்பாள், கேட்பாள். அடுப்படியில் இருந்தபடியே அந்தச் சத்தத்தை வைத்து அவர் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். முதலில் 'தப்' என்று முழுக் கை விழும். சில வருடம் கழித்து விரல்கள் மட்டும் பட்டன. ஒரு ஐப்பசியில் சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தாள். வாசலோரத்து ஆட்டுக்கல்லின் மேல் ஒரு காலை ஊன்றி ஏறி, சட்டத்தைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். முழங்கால் கெட்டுவிட்டது என்பது ஊருக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இருவருக்கும் சொந்த ஊர் பழவேற்காட்டுப் பக்கம். ஏரியில் மீன் குறைந்த காலத்தில் அவர் அரிசி மில்லில் மூட்டை தூக்க வந்தவர். ரயில் பாதை ஓரம் இருந்த மைதானத்தில் சாயங்காலம் ஆடிக்கொண்டிருந்தவர்கள், ஒரு ஆள் குறைகிறதே என்று இவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அறுபத்து நாலு, அறுபத்தைந்தாம் வருடங்களில் எல்லாம் அவர் அடிக்கிற அடியைப் பார்க்க எளாவூரிலிருந்து லாரியில் தொற்றிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அவர் எம்பினால் அப்படியே ஒரு நொடி அங்கேயே நின்று யோசித்துவிட்டு அடிப்பார் என்று டீக்கடையில் சொல்வார்கள். பெஞ்சில் அவருக்கு எப்போதும் இடம் இருக்கும்.

அந்த டீமில் ஒரு வழக்கம் இருந்தது. வயசாகிவிட்ட ஆட்டக்காரனிடம் 'நீ போதும்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். பந்தய நாளில் வலை கட்டுகிறவன் அன்றைக்கு ஆடமாட்டான், அவ்வளவுதான். வெளியே உட்காருகிற இளைஞன் கட்டுவான். ஒரு பெரிய ஆட்டக்காரன் தானாகவே ஒருநாள் வலையைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவன் விலகிக்கொள்கிறான் என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சே கிடையாது. வலையின் உயரத்தை அளக்க டேப்பும் கிடையாது. ஆதிகேசவன் கையை நிமிர்த்தி நிற்பார். நடுவிரலுக்கு மேல் அரைச் சாண், அதுதான் மேல் கயிறு.

வலை இருந்தது ஆதிகேசவன் வீட்டில்தான். கிழிந்தால் பின்னத் தெரிந்தவள் கங்கம்மா. இரண்டு வருடமாகப் பந்தய நாளில் வலையை வாங்கிப் போக வருகிறவன் ஜெயராஜ். ஏரிக்கரை வயல்களில் கூலி வேலை செய்த சாராளின் மகன். பத்தொன்பது வயது, கொக்கு மாதிரி கால். "அண்ணி, வலை" என்பான். அதற்கு மேல் அவனும் பேசமாட்டான். கங்கம்மாவுக்கு அவனைப் பிடிக்கும்.

எழுபத்து நாலாம் வருடம் தை மாதம் சோழவரத்து டீமோடு காணும் பொங்கல் பந்தயம். புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். ஒரு கம்பெனியிலிருந்து ஒரு ஆபீசர் ஆட்டத்தைப் பார்க்க வருகிறாராம், நன்றாக ஆடுகிற இளைஞனை வேலைக்கு எடுத்துத் தங்கள் டீமில் சேர்த்துக்கொள்வாராம் என்று பூவராகவன் சொல்லியிருந்தார். அவர் சைக்கிள் கடைக்காரர், டீமின் கேப்டன்.

பொங்கலுக்கு முந்தின நாள் குழாயடியில் சாராள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"அக்கா, அண்ணன் கிட்ட ஒரு வார்த்த சொல்லேன். அந்த ஒரு ஆட்டம் மட்டும். எம் புள்ள வெளிய குந்திக்கினு இருந்தா அந்த ஆபீசரு இன்னாத்த பாப்பாரு?"

"அத்த நான் எப்பிடி சொல்றது சாரா? அங்க யாரும் யாருக்கும் சொல்றதில்ல."

"நீ யாரோவா? ஊட்டுக்காரி தானே."

கங்கம்மா குடத்தைக் குழாயடியில் நகர்த்தி வைத்தாள். ஊரே வேலையை விட்டுவிட்டு வருவது அவர் பெயரைக் கேட்டுத்தான். அவரும் மூன்று நாளாக முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். இப்போது போய் எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் இருந்தால் சாராளின் முகத்தை நாளைக்கு எப்படிப் பார்ப்பது?

காணும் பொங்கலன்று சாப்பிட்டு முடித்ததும் வலையை மடியில் போட்டு, அறுந்திருந்த ஒரு கண்ணைப் பின்னிக்கொண்டிருந்தாள். ஜெயராஜ் வரவில்லை. சர்ச்சுக்குப் போயிருந்தான், அங்கே ஜெபம் நீண்டுவிட்டது. ஆதிகேசவன் கிளம்பிவிட்டார். வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கங்கம்மா கடைசி முடிச்சைப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்துவிட்டு எழுந்தாள். வலையை உதறினாள், மடித்தாள், அவர் தோளில் போட்டாள்.

பழவேற்காட்டில் அப்படித்தான். புருஷன் ஏரிக்குப் போகும்போது பெண்சாதி வலையைத் தோளில் போடுவாள். அவள் அம்மா அப்படித்தான் அவள் நைனாவுக்குப் போடுவாள். கை தானாகச் செய்துவிட்டது.

ஆதிகேசவன் நிமிர்ந்தார். தோளில் இருந்த வலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தான் செய்தது என்ன என்று கங்கம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் வலையைச் சரிசெய்துகொண்டு இறங்கி நடந்தார். சட்டத்தைத் தொடவில்லை.

பெண்கள் மைதானத்துக்குப் போவது வழக்கமில்லை. கங்கம்மா கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள். ரயில் பாதை ஓரப் பனைமரங்களுக்குப் பின்னால் சாராள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மைதானத்தில் சத்தம் அடங்கிப்போயிருந்தது. ஆதிகேசவன் தோளில் வலையைப் பார்த்த எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். பூவராகவன் பந்தைக் கக்கத்தில் வைத்தபடி நின்றார். சோழவரத்து டீமில் ஆதிகேசவனோடு பத்து வருடம் மோதிய துளசிராமன்தான் வாயைத் திறந்தான்.

"இன்னா ஆதி, வலையும் கையுமா வர்ற? மீன் புடிக்கவா?"

"ஆமாண்டா. சோழவரம் ஏரியில கெளுத்தி ஒண்ணு ரொம்ப துள்ளுதாமே, அதான்."

சிரிப்பு எழுந்தது. அந்த நேரம் பார்த்து ஜெயராஜ் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"அண்ணா, குடுண்ணா. நான் கட்றேன். லேட்டாயிருச்சு."

கொடுத்துவிடலாம். கொடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும். கொடுத்துவிடட்டும் என்று கங்கம்மாவின் மனசு அடித்துக்கொண்டது. கொடுக்கக் கூடாது என்று அதே மனசுதான் சொன்னது. பக்கத்தில் நிற்கிற சாராளின் மூச்சு அவளுக்குக் கேட்டது.

"நீ போயி பனியன மாத்து," என்றார் ஆதிகேசவன்.

"அண்ணா..."

"போடான்னா. பேஜாரு பண்ணாத."

கம்பத்தை ஒட்டி நின்று கையை உயர்த்தினார். நடுவிரலுக்கு மேல் அரைச் சாண் பார்த்துக் கயிற்றைச் சுற்றினார். மறு கம்பத்துக்குப் போய் அங்கேயும் அப்படியே.

ஆட்டம் தொடங்கியது. ஜெயராஜ் முதலில் அடித்த பந்து வலையில் விழுந்தது. அடுத்ததும். "ஆதிய எறக்குங்கடா!" என்று கூட்டம் கத்தியது. பூவராகவன் கம்பத்தடியைத் திரும்பிப் பார்த்தார். ஆதிகேசவன் கயிற்றின் மிச்சத்தை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்கறீங்க? கட்டினவன் ஆடக்கூடாது," என்றார் சத்தமாக.

அதற்குப் பிறகு வந்த பந்துக்கு ஜெயராஜ் எம்பினான். கொக்குக் கால்கள் மடங்கியதும், கை பின்னால் போனதும் கங்கம்மாவுக்குத் தெரிந்தன. பந்து துளசிராமனின் காலடியில் விழுந்து மண்ணைக் கிளப்பியது. சாராள், "கர்த்தாவே," என்று கங்கம்மாவின் கையைப் பிடித்தாள். விடவேயில்லை. சாயங்காலம் வரை விடவில்லை.

பந்தயத்தில் சோழவரம்தான் ஜெயித்தது, இரண்டே பாயிண்ட் வித்தியாசத்தில். ஆனால் ஆபீசர் ஜீப்பில் ஏறும் முன் பூவராகவனைக் கூப்பிட்டு, "அந்த உயரமான பையன் பேர் என்ன?" என்று கேட்டார். அதைக் கூட்டமே கேட்டது.

திரும்பும்போது ஆதிகேசவன் முன்னால் நடந்தார், வலை தோளில். வீடு வரும் வரை கங்கம்மா வார்த்தையைத் தேடிக்கொண்டே வந்தாள்.

"யோவ்... வேணும்னு போடலய்யா. நைனாவுக்கு அம்மா போடுமே, அந்த ஞாபகத்துல..."

"தெரியும்மே. உன் மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சு ஏன் எடுத்துக்கினு போன? எறக்கி வெச்சிருக்கலாம்ல?"

"வெச்சிருக்கலாம்." கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு வருசமா இந்த வலைய எப்பிடி எடுக்கறதுன்னு பாத்துக்கினே இருந்தேன். என் கையால வரல. நீ போட்ட. சரி, போவட்டும்னு உட்டுட்டேன்." பிறகு சிரித்தார். "ஊரே எனக்கு சீட்டு கிழிக்க பயந்துச்சு. நீ கிழிச்சிட்ட பாத்தியா."

அவள் அழுதுவிட்டாள். அவர் அவள் தலையில் மெல்லக் குட்டிவிட்டு, "நாஷ்டா எதுனா வெச்சிருக்கியா? பசிக்குது," என்றார்.

சித்திரையில் ஜெயராஜ் வேலையில் சேர்ந்தான். முதல் நாள் சாராளே அவனை அழைத்துக்கொண்டு வந்து ஆதிகேசவன் காலில் விழச் சொன்னாள். அவன் விழுவதற்குள் அவர் கொல்லைப் பக்கம் ஓடிவிட்டார்.

இது எழுபத்தொன்பதாம் வருடம். ஜெயராஜ் கம்பெனி டீமுக்கு ஆடுகிறான். ஆதிகேசவன் இன்னும் மில்லுக்குத்தான் போகிறார், முழங்கால் சரியாகவில்லை. கிளம்பும்போது அந்தச் சட்டத்தை அவர் இப்போது தொடுவதில்லை. பந்தய நாளில் கங்கம்மாதான் வலையை எடுத்து அவர் தோளில் போடுகிறாள். மைதானத்தில் வலையின் உயரத்துக்கு இன்றைக்கும் அவர் கைதான் அளவு.