இரத்தம் எடுக்கும் முன் கலக்கிய டீ

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று மறந்துபோகும். நாலு பேர் முன்னால் பேச வராது எனக்கு. கோபம் வந்தால் பாத்திரத்தை உரக்கத் தேய்ப்பேன், அவ்வளவுதான். இப்போது தேய்க்கப் பாத்திரம் மிச்சமில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் இருப்பது கிள்ளான் பக்கம், பண்டமாரானில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் பிரிவில் கண் மங்கும்வரை வேலை செய்தேன். என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் ஜொகூரில் இருக்கிறார்கள். அவர்கள் மகள் நான்கு வருஷமாக என்னோடு இருந்து, ரயில் ஏறிப் போய், சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் பயோமெடிக்கல் சயன்ஸ் படித்தாள்.

அது என்ன படிப்பு என்று கேட்காத ஆள் இல்லை.

"டாக்டருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப நர்ஸா?"

"இல்லைங்க."

உடனே முகம் தொங்கிப்போகும். அந்தத் தொங்கின முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால் நம் இரத்தத்தை எவளோ ஒருத்தி உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அவள் யார்? வானத்திலிருந்தா வருகிறாள்? இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. மனதுக்குள் கேட்டுக்கொண்டு, "ஆமாங்க, ஏதோ லேப் படிப்பு" என்று சொல்லிவிட்டு வருவேன்.

கடைசி வருஷத்தில் ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட நம் பெண்களின் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்ப்பது அவள் ஆய்வு. கல்லூரியில் அனுமதி வாங்க மாதக்கணக்கில் அலைந்தாள். கடைசியில் முப்பது பெண்கள் வேண்டும் என்றாள். எனக்குத் தெரிந்தவர்கள் எங்கள் கோயில் பெண்கள்தான். அடுத்த வீட்டுக் கேட்டைத் தட்டவே தயங்குகிற நான், அந்தப் பிள்ளைக்காக வீடு வீடாகப் போனேன். எங்கள் மாதர் பிரிவுத் தலைவி கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். அதை நான் மறைக்கவில்லை.

பிள்ளை ஒவ்வொருத்தரிடமும் மூன்று தடவை சொன்னாள். என் முன்னால் சொன்னாள். "ஆன்டி, ராத்திரி பத்து மணிக்கு மேல ஒன்னும் வேணாம். காலைல பசியாறாம வாங்க. டீ, காப்பி, மைலோ எதுவும் கூடாது. பச்சத் தண்ணி மட்டும்." தாளில் தமிழிலும் அச்சடித்துக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஏழரைக்கே வந்து மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். இரத்தம் எடுக்க வேண்டிய நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்போம், ஷா ஆலத்திலிருந்து வர வேண்டும். நல்ல மழை, பாதையும் தவறிவிட்டது. பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினாள், வழிகாட்ட.

அவள் தலை மறைந்ததும் தலைவி என்னைப் பார்த்தார்.

"என்னக்கா சும்மா நிக்கிறீங்க? டீயக் கலக்குங்க."

"பிள்ள குடிக்கக் கூடாதுன்னு..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வயசானவங்க வெறும் வயித்தோட உக்காந்திருக்காங்க. யாராச்சும் மயக்கம் போட்டு விழுந்தா நீங்க பதில் சொல்வீங்களா? நம்ம கோயிலுக்கு வந்தவங்கள தொண்ட நனைக்காம உக்கார வச்சதா இதுவரைக்கும் உண்டா?"

"அதானே! ஒரு வாய் டீ சாப்பாடா லா? எனக்கு டீ இல்லனா தல வெடிக்கும்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். இதைத்தான் எழுத முடியாமல் மூன்று தாளைக் கிழித்தேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானே போனேன். கோயில் அடுப்படியில் அந்த அம்மா சொல்லி நான் மறுத்த நாள் ஒன்றுகூட இல்லை. கால் பழகிய பக்கம் போய்விட்டது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது, சீனி போட்ட டின் பால் ஊற்றினேன், தலைவி பக்கத்தில் நின்று "இன்னொரு டின்னு உடைங்க, என்ன கஞ்சத்தனம்" என்றார். உடைத்தேன். மூன்று நான்கு பேர்தான் வேண்டாம் என்றார்கள். அந்த முப்பதில் ஒருத்தியான நானும் குடிக்கவில்லை. மற்ற எல்லாரும் ஊதி ஊதிக் குடித்தார்கள்.

வாசலில் கார் சத்தம் கேட்டதும் தலைவி, "கிளாஸ எல்லாம் எடுங்க, எடுங்க. பிள்ள பாத்தா கத்தும்" என்றார். கத்தும் என்று தெரிந்திருக்கிறது, பாருங்கள். கழுவிக் கவிழ்த்தது நான்தான்.

பிள்ளை நனைந்துபோய் வந்து ஒவ்வொருத்தரிடமும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்டாள். "ஆன்டி, காலைல ஏதாச்சும் சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா?"

"இல்லம்மா."

"ஒன்னுமே இல்லையா?"

"சத்தியமா இல்லம்மா. வயிறு காயுது, சீக்கிரம் எடுத்து விடு."

வாயில் டீ வாசனையோடு சொன்னார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரி போட்டாள். மிஸ்ஸி இரத்தம் எடுக்க எடுக்க, சாம்பல் நிற மூடி போட்ட சின்னக் குழாய்களில் பெயருக்குப் பதிலாக எண் ஒட்டி ஐஸ் பெட்டியில் அடுக்கினாள். அவள் அடுக்கும் அழகைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து ரிசல்ட் வந்தது. பாதிப் பேருக்கு மேல் சீனி ஏறியிருந்தது. பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. விதிப்படி அவர்களுக்கெல்லாம் கடிதம் கொடுத்து, அரசாங்க கிளினிக்கில் காட்டச் சொன்னாள். என்னிடம், "பெரியம்மா, ஒங்க ரிசல்ட் அருமையா இருக்கு. இவங்களுக்கெல்லாம் ஏன் இப்பிடி?" என்றாள். நான் எழுந்து துணி எடுக்கப் போனேன்.

பெண்கள் பயந்துபோனார்கள். ஒருத்தர் வீட்டிலிருந்த மைலோ, சீனி, பிஸ்கட் எல்லாவற்றையும் தூக்கி எதிர்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டாராம். கிளினிக்கில் மறுபடி பார்த்தால் அநேகம் பேருக்கு ஒன்றும் இல்லை. அங்கே டீ கலக்க ஆள் இல்லையே! பயம் போனதும் கோபம் வந்தது. யார் மேல்? பிள்ளை மேல். தலைவி மாதர் குழுவின் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன், அது அவருக்கு ஞாபகமில்லையோ, இருந்தும் என்னைக் கணக்கில் வைக்கவில்லையோ.

"இனிமே யாரும் இந்தப் பிள்ளைங்க பேச்ச கேட்டு கைய நீட்டாதீங்க. படிச்சே முடிக்கல, ஊரையே இனிப்புநீர் வியாதிக்காரங்க ஆக்கிருச்சு. டாக்டருக்கு இடம் கெடைக்காதவங்கதான் இதப் படிக்கிறாங்க, பின்ன எப்பிடி இருக்கும்?"

கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைப் படங்கள். டீயை ஊதிக் குடித்த அதே கைகள்.

கல்லூரியில் அதைவிட மோசம். யாரோ கிளினிக் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளையின் ஆய்வுக்குப் பொறுப்பான மேடம் மற்ற மாணவர்கள் முன்னாலேயே, "குழாயை மாற்றி ஒட்டியிருக்கிறாய், இல்லையென்றால் அளவில் பிசகியிருக்கிறாய். கவனமில்லாத பெண்ணுக்கு லேபில் இடமில்லை" என்றாராம். இரண்டு வாரத்தில் சரியான காரணம் கண்டுபிடித்து வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த செமஸ்டர் முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டும்.

என் தொழிற்சாலையில் ஓட்டைக் கையுறை ஒன்று பெட்டியில் போய்விட்டால், மிஷினைப் பார்க்க மாட்டார்கள், ரப்பர் பாலைப் பார்க்க மாட்டார்கள், கடைசியில் நிற்கிற பெண்ணைத்தான் பிடிப்பார்கள். படித்த இடத்திலும் அதுவேதானா? ஒரு வார்த்தை, "நடந்ததைச் சொல்லு" என்று கேட்டாரா அந்த மேடம்?

பிள்ளை தினமும் லேபுக்குப் போய் எல்லாவற்றையும் திரும்பச் சோதித்தாள். மிஷின் சரி. மருந்து சரி. வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வாள், சொல்ல வேறு ஆளில்லை. "சோதிக்க லேட்டானா சீனி கொறையணும் பெரியம்மா. குழாய்க்குள்ள இருக்கிற ரத்தமே சீனிய தின்னுரும். கொறையலாம், ஏறக் கூடாது. எப்பிடி ஏறுச்சு? நான் எங்க தப்பு பண்ணேன்?" தட்டில் சோறு காய்ந்துகொண்டிருக்கும்.

எனக்குத் தெரியும் எப்படி ஏறியது என்று. இரண்டு டின். ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அவள் என்னைப் பார்க்கும் பார்வைக்குப் பயந்தேன். வேறு காரணம் சொல்லி ஏமாற்ற எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பெண்கள் மண்டபத்தில் பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பிள்ளை என்னிடம்கூடச் சொல்லாமல் வந்து நின்றாள். கை கூப்பினாள்.

"ஆன்டி எல்லாரும் மன்னிச்சிருங்க. நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன். என்ன தப்புன்னு இன்னும் தெரியல. ஒங்கள பயமுறுத்திட்டேன்."

எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. தலைவி பொங்கலை விழுங்கிவிட்டு, "சரி சரி, சின்னப் பிள்ள. இனிமேலாச்சும் கவனமா படிம்மா" என்றார், பெரிய மனசு போல.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. என் குரல் எங்கிருந்து வந்தது என்றும் தெரியவில்லை.

"டீ குடிச்சீங்கல்ல!" என்றேன். "ரெண்டு டின்னு பால் ஊத்தி, ஊதி ஊதி குடிச்சீங்கல்ல எல்லாரும்! பிள்ள வந்து கேட்டப்ப சத்தியம் பண்ணீங்கல்ல, சாமி முன்னால!"

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். தலைவி சிவந்துபோய் எழுந்தார்.

"என்னக்கா, ஓவரா பேசுறீங்க? கலக்குனது யாரு? நீங்கதானே?"

"நான்தான்" என்றேன். "கலக்குனது நான்தான். கலக்கச் சொன்னது நீங்க. கிளாஸ ஒளிச்சு வைக்கச் சொன்னதும் நீங்க."

"வயசானவங்க மேல பரிதாபப்பட்டதுக்கு இதுதான் பேச்சா?"

பரிதாபமென்றால் கிளாஸை ஏன் ஒளிக்கச் சொன்னீர்கள் என்பதுதான் அதற்கு என் பதில், இப்போதும். பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் பயந்த பார்வை அதுதான். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

வீட்டில் அழுவாள், கத்துவாள் என்று இருந்தேன். அவள் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எத்தன மணிக்கு கலக்குனீங்க?"

"ஏழே முக்கால் இருக்கும்மா..."

"இருக்கும்னா? சரியா சொல்லுங்க."

"மிஸ்ஸி வர்றதுக்கு அரை மணி முன்னால."

"யாரு யாரு குடிக்கல?"

சொன்னேன். எழுதிக்கொண்டாள். என்னைப் பெரியம்மா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "பத்து நாள். பத்து நாள் என் கைய நானே சந்தேகப்பட்டேன். நீங்க சோறு போட்டுக்கிட்டு பாத்துக்கிட்டு இருந்தீங்க" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

மேடத்திடம் நடந்ததைச் சொன்னாள். மறுபடி இரத்தம் எடுக்க அனுமதி கிடைத்தது. அவள் குழாய் ஒட்டியதில் பிசகு இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த மேடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. மற்றவர்கள் முன்னால் திட்டத் தெரிந்தவருக்கு மற்றவர்கள் முன்னால் திருத்திச் சொல்லத் தெரியவில்லை. நான் திரும்பவும் வீடு வீடாகப் போனேன், இந்தத் தடவை பாதிக் கேட்டுகள் திறக்கவில்லை. வந்தது ஒன்பது பேர். அவர்களில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "நானும் பொய் சொன்னேன்க்கா" என்றார். தலைவி வரவில்லை. இன்றுவரை கோயிலில் என்னைப் பார்த்தால் தூணைப் பார்க்கிறார். பார்க்கட்டும். மாதர் பிரிவு அடுப்படிப் பக்கம் நான் போவதில்லை.

முப்பது பேர் என்று தொடங்கிய ஆய்வு ஒன்பது பேரோடு முடிந்தால் மார்க் எப்படி இருக்கும்? பாஸ் ஆனாள். அவள் எதிர்பார்த்த தரம் கிடைக்கவில்லை. இப்போது வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாள், கேட்கிற இடத்திலெல்லாம் அந்த மார்க்கைத்தான் முதலில் பார்க்கிறார்களாம். என்னோடு பேசுகிறாள். முன்போல் லேப் கதை சொல்வதில்லை.

அவள் ஆய்வுப் புத்தகம், அட்டை போட்டது, டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. முழுக்க ஆங்கிலம். அவள் இல்லாத நேரத்தில் புரட்டினேன். டீத்தூள் பாக்கெட்டில் இருக்கிற மூன்று எழுத்து எனக்குத் தெரியும். கடைசிப் பக்கங்களில் அது மூன்று இடத்தில் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டால், "நடந்தத எழுதிருக்கேன், விடுங்க" என்கிறாள். அவளை எனக்குத் தெரியும். எங்கள் யாரையும் காட்டிக்கொடுக்காமல், தானே சரியாகக் கவனிக்கவில்லை என்று பழியைத் தன்மேல் போட்டு எழுதியிருப்பாளோ என்று அந்தப் பக்கங்களையே திரும்பத் திரும்பப் புரட்டுகிறேன்.

இதைப் படிக்கிற யாராவது ஆங்கிலம் தெரிந்தவர்கள் வந்து அந்த மூன்று இடத்தையும் படித்துச் சொல்லுங்கள். தப்பு அவளுடையது என்று இருந்தால், அது சரியில்லை. அன்றைக்கு வந்தவர்கள் முப்பதா முப்பத்திரண்டா, டீ கலக்கியது ஏழே முக்காலா எட்டா, இதிலெல்லாம் நான் தடுமாறியிருக்கலாம். மண்டபத்தில் இருந்தவர்கள் அதையும் சரிபார்த்துத் திருத்துங்கள். கலக்கியது யார் என்பதை மட்டும் மாற்ற வேண்டாம்.