காய்ச்சல் கண்டதும் எடுத்த ரத்தம்

அன்று சாயங்காலம் இன்னொரு முறை ரத்தம் எடுத்திருந்தால் என் மகளுக்கு இப்போது காது கேட்டிருக்குமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. கீழப்பழுவூரில் ஒருநாள் விடிகாலையில் உடம்பு திடீரென்று அனலாகக் கொதித்தது. தாமதிக்கக் கூடாது என்று எங்கெங்கோ படித்திருந்தேன். முதல் பஸ்ஸிலேயே அரியலூருக்குத் தூக்கிப் போனேன். அங்கே சிஆர்பி டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். கடுமையான கிருமித் தொற்று என்றால் ரத்தத்தில் அது ஏறுமாம். நரம்பு கிடைக்காமல் இரண்டு புறங்கையிலும் குத்தினார்கள். ரிப்போர்ட்டில் சிஆர்பி ஏறவில்லை.

"இப்போதைக்குப் பயமில்லம்மா. பால் குடிக்கல, சோந்து போறான்னா உடனே தூக்கிட்டு வந்துடுங்க" என்றார் டாக்டர்.

ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து துபாயில் இருக்கும் கணவருக்கு அனுப்பினேன். மாமியாரிடம் படித்துக் காட்டினேன்.

மாலையில் அவள் பால் குடிக்கவில்லை. தூங்கிக்கொண்டே இருந்தாள்.

"அலைஞ்சு வந்த புள்ள, தூங்கட்டும் வுடு. மறுபடியும் போயி குத்த வுடப் போறியா? ரிப்போர்ட்டு நல்லாருக்குன்னு நீதானே சொன்ன?" என்றார் மாமியார்.

"ஆமாங்க அத்தை" என்றேன். எனக்கும் அந்தத் தாள் போதுமாக இருந்தது.

மறுநாள் காலை கை கால் வெட்டி இழுத்தது. பெரம்பலூரில் சேர்த்தோம். மூளைக்காய்ச்சல் என்றார்கள். சிஆர்பி எங்கேயோ ஏறிப் போயிருந்தது.

"நேத்து நார்மல்னாங்களே சார்?"

"காய்ச்சல் வந்த உடனே எடுத்திருக்கீங்கம்மா. அது ஏறுறதுக்கே நேரம் ஆகும்."

உயிர் பிழைத்தாள். இப்போது முதுகுக்குப் பின்னால் தட்டு விழுந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு வந்த எல்லாக் காய்ச்சலுக்கும் வந்த அன்று ஒருமுறை, மறுநாள் ஒருமுறை என்று ரத்தம் எடுக்க வைத்தேன். லேப் வாசலைப் பார்த்தாலே கைகளைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொள்கிறாள். தன் அழுகை தனக்கே கேட்காமல் கத்துகிறாள்.

"சளிக் காய்ச்சலுக்கெல்லாம் எதுக்கும்மா குத்துறீங்க? பேப்பர வுடுங்க, புள்ளயப் பாருங்க" என்று சென்ற முறை டாக்டர் கடிந்துகொண்டார். பிள்ளையைத்தான் அன்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். அசந்து தூங்குவதற்கும் நினைவு மங்குவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லையே.

மழை தொடங்கிவிட்டது. எப்படியும் காய்ச்சல் வரும். இதைப் படிக்கும் தாய்மார்களே, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை வெறுமனே தூங்கவில்லை என்று நீங்கள் எதை வைத்துக் கண்டுகொண்டீர்கள்? சின்ன அடையாளமாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு எழுதுங்கள்.