துளசிராமன் மருந்து கெட்டித்த ஞாயிறு

துளசிராமன் வாழ்நாளில் ஒரு காட்டுப்பன்றியைக்கூடச் சுட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி, குண்டு என்று பேச்சு வந்ததும் அவனைப் பெரிய வேட்டைக்காரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பன்றியைச் சுட ஆயிரம் அனுமதி வேண்டும். அவன் சுட்டதெல்லாம் வானத்தைத்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அலுமினியம் வார்க்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் உலைப் பக்கம், அவன் அச்சுப் பக்கம். நான் உருக்கிக் கொடுப்பேன், அவன் ஊற்றி எடுப்பான். ரிட்டயர் ஆன மறு வருடமே அவன் மனைவி செல்வி போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு அவன் பள்ளிப்பட்டுப் பக்கம் இருந்த இரண்டு ஏக்கர் கொல்லைக்குப் போய்விட்டான். மோட்டார் கொட்டகையை ஒட்டி ஓர் அறை கட்டி அதிலேயே பொங்கித் தின்றான். அங்கிருந்து ஊருக்கு ஒரு கிலோமீட்டர்.

அவன் மகள் பூமிகா கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள். அம்மா செத்த பதினாறாம் நாள், “நிலத்த வித்துட்டு எங்கூட வந்துடு நைனா” என்றாள். இவன் மாட்டேன் என்றான். “அப்போ அந்த மண்ணையே கட்டிக்கினு கெட” என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள், இரண்டு வருடமாக அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போன் செய்வான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று அவள் கேட்பாள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு தடவை அவள் அந்தக் கொல்லை வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அவன் கிடந்து தவித்தான். அதை அவளிடம் மட்டும் சொல்ல மாட்டான். “எனக்கின்னா குறை?” என்பான்.

துப்பாக்கி அவன் அப்பாவுடையது. பயிர்க் காவலுக்கு என்று லைசென்ஸ் வாங்கியது. அப்பாவுக்குப் பிறகு இவன் பேருக்கு மாறியது. குழாய் வாய் வழியாக மருந்து போட்டு, குண்டு போட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்கிற பழைய சாமான். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவான், முடிந்ததும் மீட்டு வருவான். அந்தத் துப்பாக்கிக்குக் குண்டு வார்க்கிறேன் என்றுதான் போன வருடம் என் உயிரை எடுக்க ஆரம்பித்தான்.

முதல் போன் ஈயத்துக்காக வந்தது.

“சாம்சா, லாரி டயர்க் கடையில வீலுக்கு அடிக்கிற ஈயம் ஒரு கிலோ கெடச்சிது. நல்லா இருக்குமா?”

“அது கெட்டி ஈயம்பா. கலப்பு. உனக்கு மெதுவான ஈயம் வேணும். நகத்தால கீறிப் பாரு.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி போன். கீறிப் பார்த்தானாம், கீறல் விழவில்லையாம். அப்படியானால் பேட்டரி ஈயம் எப்படி என்றான். அதன் பக்கமே போகாதே, புகை நெஞ்சைத் தின்றுவிடும் என்றேன். அதற்கு மறுநாள், பிறகு என்னதான் செய்வது என்றான். இப்படியே ஒரு மாதம் போனது. கடைசியில் நானே பழவேற்காட்டுக்குப் போய், கிழிந்த வலைகளிலிருந்து கழற்றிய ஈய மணிகளைப் பையில் கட்டிப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நகம் பட்டாலே பள்ளம் விழுகிற நல்ல ஈயம். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கோழி அடித்துக் குழம்பு வைத்தான். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன், விடவில்லை. ஆறு மணி பஸ்ஸுக்கும் விடவில்லை.

அடுத்து எண்ணெய். குண்டு வழுக்கிக்கொண்டு போக மேலே ஏதாவது பூச வேண்டும். கம்பெனியிலிருந்து வந்த கிரீஸ் டப்பா ஒன்று என்னிடம் கிடந்தது. உலைக்காரனுக்குத் துப்பாக்கி பற்றி என்ன தெரியும், அதைக் கொடுத்துத் தொலைத்தேன். நாலு வேட்டில் குழாய்க்குள் தார் ரோடு போட்டதுபோலக் கரி பிடித்துக்கொண்டது. சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவவே அவனுக்கு ஒரு நாள் ஆனது. அதைச் சொல்ல மூன்று போன். பிறகு தேங்காய் எண்ணெய் பூசினான், வெயிலில் உருகி மருந்தை நனைத்தது. விளக்கெண்ணெய் வழிந்தது. தேன்மெழுகில் நெய் சேர்த்தான். நெய் எவ்வளவு, மெழுகு எவ்வளவு, பசு நெய்யா எருமை நெய்யா? ஒவ்வொன்றுக்கும் எனக்குப் போன்.

என் வீட்டில் பேரப்பிள்ளைகள் மூன்று. என் மனைவி சுகிர்தா, “உங்க பிரண்டு பன்னியக் கொல்றாரோ இல்லையோ, உங்களக் கொன்னுடுவாரு” என்று சிரித்தாள். எனக்கும் பேஜாராகிவிட்டது. ஆனி மாதத்திலிருந்து அவன் பெயர் போனில் தெரிந்தால் கவிழ்த்து வைத்துவிடுவேன். வானத்தைச் சுடுகிறவனுக்கு இத்தனை நேர்த்தியான குண்டு எதற்கு என்று ஒருநாளாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது குண்டு இல்லை, எதிரில் ஒரு குரல். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆம்புலன்ஸ் தேவைப்பட்டது.

ஆடி மாதம் இரண்டாம் ஞாயிறு. விதைத்து மூன்றே நாளான வேர்க்கடலையை இரவோடு இரவாகப் பன்றிகள் கிளறித் தின்றிருந்தன. காலை ஆறு மணிக்கு எனக்கு இரண்டு முறை போன் செய்திருக்கிறான். நான் எடுக்கவில்லை. ஏழு மணிக்குப் பூமிகாவுக்குச் செய்திருக்கிறான்.

“மருந்து எடுத்து வச்சிட்டேன் பாப்பா. இன்னியோட இந்தத் தொல்லைய முடிச்சிடலாம்னு இருக்கேன்.”

அவள் இட்லிக்கு ஊற்றிக்கொண்டு, “சரி நைனா” என்று வைத்துவிட்டாள். இட்லி வெந்து இறக்கும்போதுதான் அந்தச் சொல் காதில் விழுந்ததாம். எங்கள் பக்கம் ஒருவர் மருந்து எடுத்து வைத்திருக்கிறார் என்றால் பயிருக்கு அடிக்கிற விஷம் என்றுதான் முதலில் தோன்றும். திருப்பிப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

எட்டு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். காலில் செருப்பு இல்லை.

“அங்கிள், நைனா மருந்துன்னு சொன்னாரு. போன எடுக்க மாட்றாரு.”

நானும் துப்பாக்கியை நினைக்கவில்லை. வருடம் முழுக்க அவனோடு மருந்து, குண்டு என்று பேசியவன் நான், எனக்கும் விஷம்தான் மனதில் வந்தது. அந்த ஊரில் வேறு யாருக்காவது சொல்லு என்றேன். அந்த ஊரில் வேறு யாருடைய நம்பரும் அவளிடம் இல்லை, என்னிடமும் இல்லை. 108க்கு அடித்து ஊரையும் கொல்லைக்குப் போகிற வழியையும் சொன்னோம். அவள் கணவன் மணிகண்டன் ஷிப்டில் இருந்தான். என் மகனுடைய காரை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கிளம்பினோம்.

பெரியபாளையத்தில் வண்டி நின்றுவிட்டது. ஆடி ஞாயிறு, கேட்க வேண்டுமா! வேப்பிலை கட்டிய ஜனம் ரோடு முழுக்க. முன்னாலும் பின்னாலும் மேளம். பூமிகா கண்ணை மூடிக்கொண்டு பவானி அம்மனிடம் ஏதோ முணுமுணுத்தாள். நான் என் கர்த்தரிடம், எடுக்காமல் விட்ட அந்த இரண்டு போனையும் மன்னித்துவிடும் என்று கேட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் போன் அடித்தது. ஆம்புலன்ஸ்காரர்.

“மேடம், உங்க அப்பா நல்லாத்தான் இருக்காரு. மருந்துன்னா துப்பாக்கி மருந்தாம். கொல்லையில இருந்ததால போன் சத்தம் கேக்கலயாம். எங்கள உக்கார வச்சு டீ குடுத்து, குண்டுக்கு எந்த ஈயம் நல்லதுன்னு சொல்லிக்கினு இருக்காரு. எங்கள அனுப்பச் சொல்லுங்க மேடம், வேற கேஸ் இருக்குது.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, வண்டியைத் திருப்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்ற கணக்கும் வந்தது. வெட்கம்தான், ஆனாலும் வந்தது. பூமிகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“போலாம் அங்கிள்” என்றாள்.

“இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும்மா.”

“ஆவட்டும்.”

நாங்கள் போய் இறங்கியபோது அவன் களத்தில் நின்றுகொண்டிருந்தான். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். உள்ளே துணி விரித்து அதன்மேல் குண்டுகளை வரிசையாக வைத்திருந்தான். எல்லாம் ஒரே அளவு, மெழுகு பூசி மங்கலாக மின்னின. ஒன்றில்கூடச் சொத்தை இல்லை. அச்சுக்காரன் அச்சுக்காரன்தான்.

“இன்னா பாப்பா, மருந்துன்னா அதுவா நெனச்சிட்டே?” என்று சிரித்தான். “எனக்கின்னா குறை?”

அவள் சிரிக்கவில்லை.

“ஒரு செகண்டுகூட சந்தேகமே வர்ல நைனா. எங்க நைனா அப்படிச் செய்ய மாட்டாருன்னு தோணவே இல்ல. எனக்கும் தோணல, அங்கிளுக்கும் தோணல.”

துளசிராமன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் உள்ளே வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தான். ஒரு குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

“தனியா இருக்க முடியல பாப்பா” என்றான் கடைசியில். “பேச்சு கொடுக்க ஆளே இல்ல. செல நாளு மோட்டார் போடுறப்ப அதுங்கிட்டப் பேசிக்கினு இருக்கேன்.”

“அப்போ நான் கூப்ட்டப்ப ஏன் வர்ல?”

“நிலத்த வித்துட்டு வான்னு சொன்னே. வா நைனான்னு சொல்லல.”

பூமிகாவைத் திட்டவேண்டும் என்று அவன் அதைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். அதனால்தான் அது அப்படிச் சுட்டது. அவள் வாசல் வழியாகக் கிளறிக் கிடந்த கடலைக் கொல்லையைப் பார்த்தாள். பிறகு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“வா நைனா. நிலம் கெடக்கட்டும். இப்பவே கெளம்பு.”

அவன் எழுந்தேவிட்டான். கொடியிலிருந்து வேட்டியைக்கூட உருவினான். பிறகு சுவரோரம் சாய்ந்திருந்த துப்பாக்கியைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தான்.

“இன்னிக்கு முடியாது பாப்பா. ஸ்டேஷன்ல ரைட்டர் நாளைக்குத்தான் வருவாரு. அவரு வந்து எழுதிக்கினாத்தான் ஒப்படைக்க முடியும். அதுவரைக்கும் யாரும் இல்லாத ஊட்ல அத வுட்டுட்டு வரக்கூடாது. லைசென்ஸ் போயிடும்.”

“துப்பாக்கியத் தனியா வுடக்கூடாதுன்னு ரூல் இருக்குதா?”

“இருக்குதே பாப்பா.”

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வழியெல்லாம் அடக்கி வைத்திருந்தது மொத்தமாக வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. லைசென்ஸ் விஷயத்தில் தப்பாக எதுவும் சொல்லிவிட்டோமோ என்று என்னைப் பார்த்துத் திருதிருவென விழித்தான்.

அன்றைக்கு அவள் என்னோடு திரும்பவில்லை. நாளைக்கு லீவு சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் கிளம்புங்கள் அங்கிள் என்றாள். நான் வண்டியை எடுக்கும்போது அவன் உலை வைத்துக்கொண்டிருந்தான். எவ்வளவு அரிசி போடுவது என்று அவளைக் கேட்டான். இரண்டு பேருக்குப் போட்டு அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.